மழை விடுமுறையில் வீட்டுக்குள் ஒரு கடற்கரை: நெத்திலி, கெராங் ஓடு, ஒரு தட்டு மணல்

கேள்வி சுருக்கமாக: பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு. பாலர் பள்ளிக்குப் போகும் நான்கு வயது மகள், ஆறு வயது மகன். பள்ளி விடுமுறை, மழை விட்டபாடில்லை. கடற்கரையை மையமாக வைத்து வீட்டிலேயே பிள்ளைகள் எதையாவது கற்றுக்கொள்ளும்படி என்ன செய்யலாம்? இணையத்தில் பார்க்கிற யோசனைகளுக்கு எல்லாம் எதையாவது வாங்க வேண்டியிருக்கிறதே?

வாங்க வேண்டியது மிகக் குறைவு. நீல நிறம் கலந்த தண்ணீரில் பிளாஸ்டிக் மீன்களைப் போட்டு வைத்தால் பிள்ளை பதினைந்து நிமிடம் கை அளையும், அவ்வளவுதான். கடலிலிருந்து வந்த நிஜப் பொருள் ஒன்று கையில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக் கேட்க ஒரே ஒரு கேள்வி வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தமிழில் நாலைந்து சொற்கள் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் விளையாட்டு பாடமாகிறது. பினாங்கில் இருப்பவர்களுக்கு அந்த நிஜப் பொருள் பாசார் எனப்படும் சந்தையிலும் சமையலறையிலுமே கிடைத்துவிடும்.

முதலில் நெத்திலியில் தொடங்குங்கள். காய்ந்த நெத்திலி நூறு கிராம் போதும். தலை கிள்ளி இரண்டாகப் பிளந்து விற்கிற 'கொப்பெக்' வகை வேண்டாம். முழு மீனாக, தரம் பிரிக்காமல் மூட்டையில் அள்ளிப் போடுகிற மலிவு வகையைக் கேளுங்கள். காரணம் இருக்கிறது. நெத்திலி வலையில் நெத்திலி மட்டும் விழுவதில்லை. விரல் நகம் அளவு நண்டு, குட்டிக் கணவாய், இறால், வேறு மீன்களின் குஞ்சு எல்லாம் அதோடு சேர்ந்தே வேகவைக்கப்பட்டு, காய்ந்து, கடைக்கு வந்துவிடும். நன்றாகத் தரம் பிரித்த பாக்கெட்டில் இவை இருக்காது.

ஒரு கறுப்புத் தட்டு அல்லது கறுப்பு அட்டை மேல் அரைக் கப் நெத்திலியைப் பரப்புங்கள். மகளிடம் ஒரு சிறிய இடுக்கி, மகனிடம் ஒரு பூதக்கண்ணாடி. கேள்வி: "இதில் நெத்திலி இல்லாதது எது?" அவ்வளவே சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். முதல் நண்டு கிடைக்கிற வரை கொஞ்சம் சலிப்பு இருக்கும்; கிடைத்துவிட்டால் பிறகு எழுப்ப முடியாது. ஒதுக்கியவற்றை முட்டை அட்டையின் குழிகளில் வகை வகையாகப் போடச் சொல்லுங்கள். பிறகு நெத்திலியையே கவனிக்கலாம்: பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஒரு வெள்ளிக் கோடு, மேல்மூக்கு நீண்டு கீழ்த்தாடை உள்வாங்கிய முகம், உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிய வாய். அது உண்பது மிகச் சிறிய மிதவை உயிர்களை. அதனால்தான் அந்த வாய்.

ஆறு வயது மகனுக்கு இதிலேயே கணக்கும் இருக்கிறது. ஒரு தாளில் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு சென்டிமீட்டர் நீளக் கோடுகள் போட்டுக் கொடுங்கள். முப்பது நெத்திலியை எடுத்து ஒவ்வொன்றையும் எந்தக் கோட்டுக்கு நெருக்கமோ அந்த வரிசையில் அடுக்கட்டும். முடிந்ததும் தாளைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். பாடநூலில் வருகிற பட்டைக் குறிவரைவு மீனாலேயே உருவாகியிருக்கும். மீன்களை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கினால் வரிசையின் நீளம் ஏமாற்றும். அதற்குத்தான் கட்டம் போட்ட தாள் நல்லது, கட்டத்துக்கு ஒரு மீன். கையாண்ட நெத்திலியைக் கழுவி வறுக்கலாம். ஒதுக்கிய நண்டு, மற்றக் குஞ்சுகளைச் சமைக்க வேண்டாம். அவை என்ன வகை என்று உறுதியாகத் தெரியாது. இன்னொன்று, இறால் நண்டு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இந்தத் தட்டே வேண்டாம்.

அடுத்தது மீன். கெம்போங் (கானாங்கெளுத்தி வகை) மீன் ஒன்று, குடல் எடுக்காமல், தலையோடு. தட்டில் ஐஸ் கட்டி பரப்பி அதன் மேல் மீனை வைத்து, இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். கெம்போங் வகை மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறும். சமைத்தாலும் அது போகாது, சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வரும். விளையாட்டு நீளும் என்று தோன்றினால் அந்த மீனைக் குழம்புக்கு எடுக்காதீர்கள்.

முதுகைத் தொட்டு வாலை நோக்கி விரலை ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு முதுகுத் துடுப்பு தாண்டியதும் குட்டிக் குட்டியாகத் தனித்தனித் துடுப்புகள் வரும். எண்ணினால் ஐந்து. மீனைப் புரட்டிக் கீழ்ப்பக்கம் எண்ணினால் அங்கும் ஐந்து. நான்கு வயதுப் பிள்ளை எண்ணி, தானே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய எண். பிறகு நிறம்: முதுகு ஏன் கருநீலப் பச்சை, வயிறு ஏன் வெள்ளி? ஒரு கருநீலக் கைக்குட்டையை நீல விரிப்பில் வைத்து மேலிருந்து பார்க்க வைத்தால் பாதிப் பதில் அவர்களே சொல்வார்கள். மேலே பறக்கிற பறவைக்கு இருண்ட கடலோடு முதுகு கலந்துவிடும். கீழே நீந்துகிற பெரிய மீனுக்கு வெளிச்சமான வானத்தோடு வயிறு கலந்துவிடும்.

வாயை விரலால் அகலத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே பறவை இறகுபோல நீண்ட மெல்லிய சீப்புகள் தெரியும். அது மீனின் வடிகட்டி. தேயிலைத் தூள் போட்ட தண்ணீரைத் தேநீர் வடிகட்டியில் ஊற்றிக் காட்டினால், 'தண்ணீர் வெளியே, சாப்பாடு உள்ளே' என்பது ஒரே தடவையில் புரியும்.

பிறகு செவுள். பெரியவர் கத்தரிக்கோலால் செவுள் மூடியைத் தூக்கி, சிவந்த செவுள் வளையம் ஒன்றை நறுக்கி எடுத்து, கண்ணாடித் தம்ளரில் உள்ள தண்ணீரில் விடுங்கள். தண்ணீருக்குள் அதன் இழைகள் தனித்தனியாக விரிந்து பூப்போல் நிற்கும். முள்கரண்டியால் வெளியே தூக்குங்கள். எல்லாம் ஒட்டிக் கட்டியாகித் தொங்கும். மறுபடி உள்ளே விடுங்கள், விரியும். 'மீன் ஏன் தரையில் மூச்சுவிட முடியாது' என்பதற்கு இதைவிட நல்ல விடை எந்தப் படத்திலும் இல்லை: விரிந்த இழைகளுக்கு இடையே தண்ணீர் ஓடினால்தான் காற்று கிடைக்கும், ஒட்டிப்போனால் வழி அடைபட்டுவிடும். மீன் பழையதாக இருந்தால் செவுள் பழுப்பேறி, கோழை பிடித்து, விரியாது. அதனால் காலைப் பாசாரில் வாங்கிய அன்றே செய்ய வேண்டும். இரத்தம் பார்த்தால் பயப்படுகிற பிள்ளையை வற்புறுத்த வேண்டாம், வாயும் துடுப்பும் போதும்.

ஓட்டு வேலைக்குக் கெராங் (வரம்பு வரம்பான இரட்டை ஓட்டுச் சிப்பி). கடற்கரையில் பொறுக்கி வருவதைவிடப் பாசாரில் வாங்கி, வேகவைத்துச் சாப்பிட்டு, ஓட்டை எடுத்துக்கொள்வதே நல்லது. கரையில் கிடக்கிற சங்குக்குள் பல வேளை உயிர் இருக்கும். இல்லாவிட்டாலும் அது முனிவன் நண்டுக்கு நாளைய வீடு. தெலுக் பாஹாங்கில் தேசியப் பூங்காவுக்குள் எதையும் எடுத்து வரவே கூடாது.

ஓட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் சதைத் துணுக்கும், இரண்டு ஓட்டையும் இணைக்கிற கறுப்பு நாரும்தான் பிறகு நாறும். பழைய பல் துலக்கியால் அவற்றைத் தேய்த்து எடுத்து, தனியாகப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, இரண்டு நாள் வெயில். மழைக்காலத்தில் வெயில் இல்லையென்றால் காற்றாடிக்குக் கீழே மூன்று நாள். இன்னும் வாடை இருந்தால் பெரியவர்கள் மட்டும், ஒரு பங்கு குளோரின் வெளுப்பானுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பல தடவை அலசுங்கள். வெளுப்பானோடு காடி (வினிகர்) சேரவே கூடாது, நச்சு வாயு வரும்.

இப்போது விளையாட்டு. கழற்றும்போதே ஒவ்வொரு சோடியின் உட்புறத்திலும் பென்சிலால் ஒரே எண்ணை எழுதிவையுங்கள். ஆறு சோடி, ஏறக்குறைய ஒரே அளவு. கலைத்து, எண் தெரியாதபடி கவிழ்த்து வைத்து, சோடி சேர்க்கச் சொல்லுங்கள். பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பொருத்திப் பார்த்தால்தான் தெரியும்: கெராங்கின் கீல் பகுதியில் நுண்ணிய பற்கள் வரிசையாக உண்டு, தன் சோடியோடு மட்டுமே அவை இறுக்கமாகக் கவ்வும். வேறொன்றோடு வைத்தால் லேசாக ஆடும், விளிம்பில் இடைவெளி தெரியும். பிள்ளை கண்ணை நம்பாமல் விரலை நம்பத் தொடங்குகிற இடம் இது. சரிபார்க்க உள்ளே எண் இருக்கிறது. நாலு வயதுக்கு மூன்று சோடியோடு தொடங்கலாம், அதுவும் வெவ்வேறு அளவில்.

அதே ஓட்டின் மேல் மெல்லிய தாளை வைத்து மெழுகுக் கிரயோனைப் படுக்கவைத்துத் தேய்த்தால் வரம்புகள் பதியும். கெராங்கில் பதினைந்திலிருந்து இருபது வரம்பு வரை இருக்கும். எண்ணி அருகில் எழுதட்டும். ஓடு உருளாமல் இருக்க அடியில் பிளாஸ்டிசின் வைத்து அழுத்துங்கள், இல்லாவிட்டால் தாள் கிழியும். உடைந்த ஓடு ஒன்றைக் காடியில் போட்டால் சிறிது நேரத்தில் சின்னச் சின்னக் குமிழி ஏறும். ஓடு சுண்ணாம்புப் பொருள், காடி அதைக் கரைக்கிறது. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு ஒரு காலத்தில் சிப்பி ஓட்டைச் சுட்டே வந்தது என்று தாத்தா பாட்டி யாராவது சொன்னால் இன்னும் நல்லது.

மீதி ஓடுகளால் பல்லாங்குழி ஆடலாம். பலகை வேண்டாம், பன்னிரண்டு குழி முட்டை அட்டை போதும், பக்கத்துக்கு ஆறு குழி. குழிக்கு மூன்று ஓடு என்று தொடங்குங்கள்; ஐந்து வைத்தால் நான்கு வயதுக் கைக்குள் ஓடு அடங்காது.

மணலுக்கு வருவோம். கட்டட மணல் வேண்டாம், சிமெண்டுத் தூசி இருக்கும், முனையும் கூர்மை. கடற்கரை மணலில் பூனை, நாய் கழிவிலிருந்து வருகிற கொக்கிப்புழு இருக்கலாம். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கிற மெல்லிய மணல் மூன்று கிலோ வாங்கி, தண்ணீர் தெளிவாகும் வரை அலசிக்கொள்ளுங்கள்.

உலர்ந்த மணலை இருண்ட நிறத் தட்டில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினால் எழுதுவதற்கு. அதைவிடக் கூடினால் கோட்டின் கரை சரிந்து தட்டின் அடி தெரியாது, பிள்ளைக்கு எழுத்து விழுவதே தெரியாமல் போகும். 'அ'வில் தொடங்காதீர்கள். சுழியும் வளைவும் நிறைந்த எழுத்து அது. ட, ப, ம என்று நேர்கோடு அதிகம் உள்ள எழுத்துகள் முதலில் வரட்டும். 'படம்' என்ற சொல்லே அன்றைக்கு எழுத வந்துவிடும். அரிசியில் எழுதவைத்துக் கல்வி தொடங்குகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதனால் சிலர் விளையாட்டுக்கும் அரிசியைச் சாயம் போட்டு எடுக்கிறார்கள். கிலோக்கணக்கில் அரிசியைச் சாயமேற்றிப் பிறகு கொட்டுவது தேவையற்றது. மணல் வருடக்கணக்கில் இருக்கும்.

ஈர மணலுக்கு எட்டுப் பங்கு மணலுக்கு ஒரு பங்கு தண்ணீர். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், கையில் தண்ணீர் வழியக் கூடாது. வழிந்தால் நீர் கூடிவிட்டது, மணலைச் சேருங்கள். நீர் வடிந்த கரையில் ஒரு சின்னத் துளையைச் சுற்றிக் கடுகு, சவ்வரிசி அளவு மணல் உருண்டைகள் கதிர்போலப் பரவிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சிறு நண்டின் வேலை: மணலை வாயில் எடுத்து, அதில் ஒட்டிய உணவைச் சலித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருண்டையாக வைத்துவிட்டு நகரும். அடுத்த ஓதம் (கடல் நீர் ஏற்றம்) வந்தால் எல்லாம் அழிந்துபோகும். பிள்ளை ஒரு துளை போட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கொண்டு இருபது உருண்டை உருட்டி வரிசையாக வைக்கட்டும். பென்சில் பிடிக்க வேண்டிய அதே இரண்டு விரலுக்கு நல்ல பயிற்சி. முடிந்ததும் தட்டின் ஒரு பக்கம் மெதுவாகத் தண்ணீர் விட்டு 'ஓதம்' வரவையுங்கள்.

மகனுக்கு அலைப் பெட்டி. நாற்பது சென்டிமீட்டருக்குக் குறையாத பிளாஸ்டிக் பெட்டி. சிறியதில் அலை சுவரில் மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பும். ஒரு முனையில் ஈர மணலைச் சரிவாக அழுத்தி, மறுமுனையில் மூன்று சென்டிமீட்டர் தண்ணீர். அடிமட்டத்தால் மெதுவாகப் பத்து அலை தள்ளுங்கள். மணல் எங்கே அரித்தது, எங்கே போய்ப் படிந்தது என்று வரையட்டும். பிறகு கரையைச் சரிசெய்து, சத்தே குச்சிகளின் கூர்முனையை வெட்டிவிட்டு, இருபத்தைந்து முப்பது துண்டுகளைப் பிளாஸ்டிசின் பட்டையில் நெருக்கமாக நட்டுக் கரைக்கு முன்னால் வையுங்கள். அதுதான் சதுப்புநிலக் காடு. மறுபடி அதே பத்து அலை. கரை குறைவாகவே கரையும். வேறுபாடு தெரியவில்லையென்றால் குச்சிகள் ஒரே வரிசையில் நிற்கின்றன என்று பொருள். மூன்று வரிசை, முன்னும் பின்னுமாக மாற்றி நடுங்கள். தண்ணீரை வேகமாகத் தள்ளினாலும் எதுவும் நிற்காது.

உப்புக்கு ஒரு முட்டை போதும். 250 மில்லி தண்ணீரில் புதிய முட்டையை விட்டால் மூழ்கும். தூள் உப்பை ஒவ்வொரு தேக்கரண்டியாகப் போட்டு, கரையும் வரை கலக்கி, முட்டையை மறுபடி விடுங்கள். ஒன்றரைத் தேக்கரண்டி என்பது ஏறக்குறைய கடலின் உப்பு, லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. அங்கே முட்டை இன்னும் அடியிலேயே கிடக்கும். 'கடலில் முட்டை மிதக்கும்' என்று பல இடங்களில் எழுதியிருப்பது தவறு. ஐந்து முதல் எட்டுத் தேக்கரண்டிக்குள் முட்டை மேலே எழும்பும். அடியில் உப்பு கரையாமல் தேங்கினால் எண்ணிக்கை பொய்யாகும். கல் உப்பு மெதுவாகவே கரையும். முதலிலேயே மிதந்தால் முட்டை பழசு. இதோடு தேங்காய் மட்டைத் துண்டு, கெராங் ஓடு, சாவி, மரக்கட்டை என்று ஒவ்வொன்றையும் 'மிதக்குமா, மூழ்குமா' என்று முன்பே சொல்லவைத்துப் போடுங்கள். தேங்காய் கடல் தாண்டிப் போய்க் கரையேறுவது மட்டையின் நாருக்குள் அடைபட்ட காற்றால்.

அந்த 'மூழ்கும்' என்ற சொல்லை விடாதீர்கள். ழகரம் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளை, இந்த விளையாட்டில் இருபது தடவை கேட்காமலே சொல்லும். 'ஆழம்' அடுத்தது. நண்டு, மணல், மீன் என்ற மூன்று சொல்லில் மூன்று நகரமும் வந்துவிடுகின்றன: 'ந'வுக்கு நாக்கு பல்லைத் தொடும், 'ண'வுக்கு மேலே மடியும், 'ன'வுக்குப் பல்லுக்குச் சற்று மேலே ஈறில் படும். கண்ணாடி முன் நின்று நாக்கைப் பார்த்துச் சொல்லவைத்தால் எழுத்துப்பிழை பின்னால் குறையும்.

மிஞ்சிய உப்பு நீரைக் கறுப்புத் தட்டில் மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி ஆவியாக விடலாம். நம் ஊர் ஈரக்காற்றில் மூன்று நான்கு நாள் ஆகும், மழையில் இன்னும் கூடும். காற்றாடி வைத்தால் சீக்கிரம் காயும், ஆனால் படிகம் பொடியாகவே வரும். மெதுவாகக் காய்ந்தால்தான் சதுரக் கட்டிகள் பூதக்கண்ணாடியில் தெரியும்.

குலுக்கும் 'கடல் குப்பி' செய்ய ஆசையிருந்தால்: அரைக் குப்பி நீலத் தண்ணீர், மீதி நிறமற்ற குழந்தை எண்ணெய், காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை. சவர்க்காரம் ஒட்டிய குப்பியானால் கலங்கிவிடும். மூடியைக் கட்டாயம் பசை போட்டு ஒட்டுங்கள்; அந்த எண்ணெயைப் பிள்ளை குடித்துப் புரையேறினால் நுரையீரலுக்குப் போகும். அழகான பொருள்தான், கற்க அதில் அதிகம் இல்லை.

ஒன்றை மட்டும் வாங்கவே வேண்டாம்: தண்ணீரில் ஊறிப் பெருக்கிற வண்ணப் பாசிமணிகள். 'கடல் பெட்டி' என்றாலே அவற்றைப் போடச் சொல்கிறார்கள். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைக்கும், அறுவை வரை போகும். மூன்று வயதுக்குக் கீழ் தம்பி தங்கை இருந்தால், கழிப்பறைத் தாள் சுருளின் குழாய்க்குள் நுழைகிற எந்த ஓடும் கல்லும் தரையில் இருக்கக் கூடாது. அலைப் பெட்டியின் மூன்று சென்டிமீட்டர் தண்ணீரிலும் பக்கத்தில் பெரியவர் இருக்க வேண்டும். ஆவியாக விட்ட உப்பு நீரைத் தவிர, வேலை முடிந்த அன்றே மற்ற எல்லாத் தண்ணீரையும் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும், பால்கனியில் மறந்த தட்டு அதற்குத் தாராளம்.

மழை விட்ட நாளில் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்கோ பத்து ஃபிரிங்கி கடற்கரைக்கோ போவதானால் சுவரில் தொங்குகிற தமிழ் நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகமாக உள்வாங்கும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். மறுநாள் எல்லாம் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்தால் அந்த நண்டு உருண்டைகளைப் பிள்ளைகள் நேரில் பார்ப்பார்கள். கரையில் கண்ணாடிபோலக் கிடக்கும் சொறிமீனை, செத்திருந்தாலும், தொடவிடாதீர்கள். அதன் இழை பிறகும் கொட்டும்.

மணலை எடுத்து வைக்கும்போது தாளில் பரப்பி நன்றாகக் காயவைத்து, மூடியில் இரண்டு துளை போட்ட டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் நான்கே நாளில் பூசண வாடை வரும். வந்துவிட்டால் கொதிநீரில் அலசி மறுபடி காயவைத்தால் போதும்.